ஏழு வயதுக்காரர்களின் வகுப்பு

சிவாஜினி பாரிசுக்கு வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. வன்னியில் சண்டை ஓய்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. அந்தச் சண்டையில் அவளுடைய தங்கை அனுஜா பதுங்குகுழிக்குள் இவள் பக்கத்தில் இருந்தபடியே செத்துப்போனாள். அவளுக்கு வயது ஏழு. முன்பே வந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பலில் உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அப்பா இராஜதுரை, மனைவியையும் மிஞ்சிய மகளையும் மார்க்ஸ் டோர்மோயில் இருந்த ஒற்றை அறை வீட்டுக்கு எடுப்பித்தார்.

சேர்த்த பள்ளி சிறியது. ஆரம்பப் பிரிவும் கொலேஜ் எனும் நடுநிலைப் பிரிவும் ஒரே கட்டடத்தில். விளையாட்டுக்கும் சித்திரத்துக்கும் வயதுப்படி வகுப்பு. பிரெஞ்சுக்கு மட்டும் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்துப் பிரிப்பார்கள். சிவாஜினிக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஏழு வயதுக்காரர்களோடு இருத்தினார்கள்.

"பதின்மூண்டு வயசுப் பிள்ளையைக் குஞ்சு குருமனுகளோடை விடுறதே?" என்று அப்பா கொதித்தார்.

"பரவாயில்லை அப்பா. எனக்கு அங்கை பிடிச்சிருக்கு" என்றாள் சிவாஜினி.

முழங்கால் மேசையில் இடிக்கும். பெரியவள் என்பதால் கடைசி வாங்கில் தனியே இருந்தாள். பள்ளி தொடங்கிய இரண்டாம் கிழமை, பக்கத்தில் யாரோ சளியை உறிஞ்சுவது கேட்டது. திரும்பினாள். யாருமில்லை. மறுநாளும் கேட்டது. அது அனுஜாவின் பழக்கம். சிவாஜினி பயப்படவில்லை. வாங்கில் இடம் விட்டு ஒதுங்கி இருந்தாள்.

கோடைக்கு முன்பே அவளுக்கு வாசிப்பு வந்துவிட்டது. ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியில் ஒரு கடைப் பலகை விடாமல் வாசித்துக்கொண்டு நடப்பாள். வகுப்பில் மட்டும் விக்கினாள். அடுத்த பிரிவுக்கான தேர்வில் இரண்டு தடவை தவறினாள்.

பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை ஷார்லோத் அதைச் சொல்லி வருந்தினார். மொழிபெயர்க்க வந்த பெண்ணிடம் அம்மா சிவமணி, "வீட்டுக்கு வாற கடிதமெல்லாம் இவள்தானே வாசிக்கிறாள்" என்றாள். அதைப் பிரெஞ்சில் கேட்டதும் ஆசிரியை சிவாஜினியையே பார்த்தார். சிவாஜினி தலை குனிந்துகொண்டாள்.

திரும்பும் வழியில், மெத்ரோ ரயிலுக்கு இறங்கும் படியருகே அம்மா நின்றாள்.

"ஏன் பிள்ளை வேணுமெண்டு பிழை விடுறாய்?"

"நான் மேல் வகுப்புக்குப் போனா தங்கச்சி அங்கை தனிய இருப்பாள் அம்மா."

படியில் இறங்குகிறவர்கள் இருவரையும் இடித்துக்கொண்டு போனார்கள். அம்மா அழவில்லை, பிதற்றாதே என்று அதட்டவுமில்லை.

"அவள் குசினியிலை, நான் சமைக்கேக்கை, என்னோடையும் இருக்கிறாள்" என்றாள். பிறகு மெல்ல, "நீ போய்ப் படி. அவளை நான் பாத்துக்கொள்ளுறன்."

அடுத்த தேர்வில் சிவாஜினி தடங்கலில்லாமல் வாசித்தாள். மேல் வகுப்பில் முதல் நாள் முழுக்கக் காது கொடுத்து இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. வீட்டுக்கு ஓடிவந்து குசினி வாசலில் நின்றாள். அம்மா வெங்காயம் அரிந்துகொண்டே, ஆம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அதன்பிறகு அவள் பிரிவு பிரிவாக ஏறி, பதினாறு வயதில் தன் வயதுப் பிள்ளைகளை எட்டிப் பிடித்தாள். இன்று காப்புறுதி அலுவலகமொன்றில் வேலை. கணவன் பிருந்தாபனோடு பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்தில் குடியிருக்கிறாள். அவனுக்கு இந்தக் கதை தெரியாது.

ஞாயிறுகளில் அம்மாவிடம் வருவாள். அப்பா உறங்கிக்கொண்டிருப்பார். சில நாள் குசினிக்குள் அம்மா தணிந்த குரலில் யாருக்கோ ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும். அப்போது சிவாஜினி உள்ளே போவதில்லை. பேச்சு முடியும்வரை, மேலங்கியைக்கூடக் கழற்றாமல், வெளியே நின்றுகொண்டிருப்பாள்.