கிணற்றுச் சுவரில் மணல் வரிகள்

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டும்போது மணல் தட்டுப்பட்டால் வேலையை நிறுத்திவிட்டுத் தேங்காய் உடைப்பார்கள். மணலைக் கண்டால் தண்ணீரைக் கண்ட மாதிரி. முதல் கூடை மணலை வீட்டு வாசலில் கொட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அன்றைக்குக் களி கிண்டாமல் நெல்லுச்சோறு ஆக்குவார்கள். கம்பைநல்லூருக்குக் கிழக்கே ஆற்றோரம் இருந்த எங்கள் ராகிக் காட்டில் கிணறு வெட்டியபோதும் அப்படித்தான் செய்தோம். என் மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

ஆள் உயரம் தோண்டியதும் கறுப்பு மண்ணுக்குக் கீழே வெள்ளை மணல் வந்தது. அதற்குக் கீழே மறுபடியும் கறுப்பு மண், மறுபடியும் மணல். அந்தக் கீழ் மணலில் பானை ஓடுகள், கரித்துண்டுகள், வெந்து சிவந்த அடுப்பு மண் எல்லாம் கிடந்தன. என் மாமனார் ஓர் ஓட்டை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

“பழைய காலத்துல சனங்க குடியிருந்த எடம்டா இது. ராசியான மண்ணு. இங்கயே வூடு கட்டிரு” என்றார்.

என் புருஷனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. குடியிருந்த சனங்கள் எங்கே போனார்கள் என்று கேட்க எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மேட்டில் இருந்த ஊரை விட்டு இறங்கி, கிணற்றுக்குப் பக்கத்திலேயே மண்சுவர் வைத்துக் கூரை போட்டோம். தண்ணீருக்குக் குறைவில்லை. ராகி விளைந்த விளைச்சலைப் பார்த்து ஊரே கண் வைத்தது.

உலகச் சண்டை நடந்த காலத்தில் ஓர் ஐப்பசி மாதம். அடைமழை. பட்டப்பகலில் ஆறு எங்கள் வாசலுக்கு வந்தது. அந்தப் பாவி ஆறு பாய்ந்தெல்லாம் வரவில்லை, சத்தமே இல்லாமல் களத்தை நனைத்துக்கொண்டு ஏறியது. புருஷன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடினார். நான் மாடுகளை அவிழ்த்து ஓட்டினேன். மாமனார் பக்கவாதத்தில் கிடந்தவர். கட்டிலோடு தூக்க ஆள் கூட்டிக்கொண்டு திரும்பினால், சுவர் இடிந்து அவர்மேல் உட்கார்ந்துவிட்டிருந்தது. வெள்ளம் வடிந்த பிறகுதான் அவரை எடுத்தோம்.

காரியம் முடிந்து, கிணற்றில் தூர் வார நானும் இறங்கினேன். அப்போதுதான் சுவரை ஒழுங்காகப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஒரு மணல் வரி. அதில் எங்கள் சோற்றுப் பானை ஓடு, எங்கள் அடுப்புக் கரி, மாமனாரின் கட்டில் கயிறு. அடி வரியிலும் அதே மாதிரி ஓடு, அதே மாதிரி கரி. அங்கேயும் ஒருத்தி அடுப்பில் உலை வைத்திருக்கிறாள். தப்பித்தாளோ, மண்ணுக்குள் போனாளோ, யார் கண்டது!

புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஏங்க, இது தண்ணி காட்டுன மணல் இல்லீங்க. ஆறு வந்துட்டுப் போன மணல். மேல கெடக்கறது நம்மூட்டுப் பானை, கீழ கெடக்கறது அவங்கூட்டுப் பானை. மேட்டுக்கே போயிரலாங்க.”

அவர் முட்டாள் இல்லை. பார்த்ததும் விளங்கிவிட்டது. ஆனால் வரிகளுக்கு நடுவே இருந்த கறுப்பு மண்ணில் கையை விரித்துச் சாண் போட்டார்.

“நீ சொல்றது வாஸ்தவந்தான். ஆனா நடுவுல எத்தன கனம் மண்ணு படிஞ்சிருக்குது பாரு. இதுக்கு எத்தன தலைமுறை ஆயிருக்கும்? இனி நம்ம காலத்துல வராது. புது வண்டல் வேற போட்டுட்டுப் போயிருக்குது, இத உட்டுட்டுப் போறதா?”

“ஆத்துக்கு நாள் பாக்கத் தெரியுமாங்க?”

“உனக்குப் பயத்துல புத்தி பெசகிருச்சு” என்றார்.

அவர் அங்கேயே மறுபடியும் சுவர் வைத்தார். “நீங்க கட்டிக்கங்க. எம்மவள அங்க படுக்க வெக்க மாட்டேன்” என்று சொல்லி, மகளைக் கூட்டிக்கொண்டு மேட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். புருஷனை விட்டுப் போனவள் என்று ஊர் வாய்க்கு வந்ததைப் பேசியது. பேசட்டும், ஊர் வாயை மூட உலை மூடி ஏது? மத்தியானம் களி கொண்டு போவேன். “மேட்டு மகராசி வந்துட்டாங்க” என்று கேலி பேசிக்கொண்டே உருண்டையைப் பிட்டு விழுங்குவார். மகளுக்கென்று வெள்ளரிப் பிஞ்சு பறித்து வைத்திருப்பார்.

மகள் பெரியவளாவதற்கு முன்பே ஆறு இன்னொரு தரம் வந்தது. விடிந்து பார்த்தால் மேட்டுக்குக் கீழே கூரையைக் காணோம். அவரை மூங்கில் புதரில் கண்டெடுத்தார்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. ‘பாவி மனுசா, கைச்சாணால் ஆற்றை அளந்தாயே’ என்று தலையில் அடித்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்த ஆத்திரம் ஆறவில்லை.

கருமாதி முடிந்ததும் கொழுந்தனார் வந்து நின்றார். பின்னால் அவர் பெண்டாட்டி, இடுப்பில் கைக்குழந்தை.

“அண்ணி, வண்டல் முழங்கால் ஆழத்துக்குப் படிஞ்சு கெடக்குதுங்க. சும்மா போடறதுக்கு மனசு வரல. நான் ஏர் ஓட்டிக்கறனுங்க.”

“ஓட்டிக்க சாமி” என்றேன்.

“அப்பிடியே கெணத்தோரமா ஒரு குடிசையும் போட்டுக்கறனுங்க. இப்பத்தான வந்துட்டுப் போச்சு? இனி நம்ம காலத்துல வராதுங்க.”

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். நான் எழுந்து போய் அவள் முன்னால் கையை நீட்டினேன்.

“போறவங்க போங்க. கொழந்தைய எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க.”