விளக்குக்கும் ஒரு சீட் பெல்ட்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு வைகாசி மாத வெள்ளிக்கிழமை. ஜெர்மனியில், வுப்பர்டாலில் இருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு ஒரு கலியாணத்துக்காகப் போய்க்கொண்டிருந்தோம். விருந்தாளிகளாக அல்ல. மறுநாள் காலை மணமக்கள் உட்காரவேண்டிய மணவறையே எங்கள் வாகனத்துக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

வாரநாட்களில் நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். வார இறுதியில் நானும் கணவரும் கலியாணங்களுக்கு மணவறை போட்டுக்கொடுப்போம். முன்பெல்லாம் ஒவ்வொரு தடவையும் வாடகை வான் தேடி அலைவோம். அந்த வருடம்தான் எனக்கு ஞானம் பிறந்தது. வாசலில் நடுத்தர அளவில் ஒரு எஸ்யூவி சும்மா நிற்கிறது. அதற்கு ஒரு கொக்கி பூட்டி, மூடிய சின்ன ட்ரெய்லர் ஒன்றை வாங்கிக் கொழுவிவிட்டால் மழைக்கும் பயமில்லை, வானுக்கும் அலையத் தேவையில்லை. அந்த ட்ரெய்லரை வீட்டில் நாங்கள் 'பெட்டி' என்றுதான் சொல்வோம்.

கணவர் பேக்கரியில் வேலை செய்கிறவர், பகலில் தூங்குவார். அதனால் கொக்கி பூட்டக் கராஜுக்கு நான்தான் போனேன். கராஜ்காரர் நல்ல பொறுமைசாலி. கொக்கியைப் பூட்டினார். பெட்டியின் விளக்குகள் எரிவதற்குப் பதின்மூன்று முள் உள்ள செருகியை வைத்தார். 'இனி உனக்குப் பின்னால் ஒன்று வரும்' என்று வாகனத்தின் கம்ப்யூட்டருக்கும் சொல்லிக்கொடுத்தார். கடைசியாக என்னைக் கூட்டிப்போய்க் கொக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டி, 'ஷ்டுட்ஸ்லாஸ்ட்' என்று ஒரு சொல்லை மூன்று தடவை சொன்னார்.

அந்தச் சொல் எனக்கு விளங்கவில்லை. ஆனால் பெட்டியை நிறுத்திவைக்கும்போது முன்பக்கத்தைத் தாங்குகிற குட்டிச் சில்லுக்கு 'ஷ்டுட்ஸ்ராட்' என்று பெயர் என்பது தெரியும். இரண்டு சொல்லும் ஒரே குடும்பம்தானே, அந்தச் சில்லு தாங்குகிற பாரத்தைத்தான் சொல்கிறார், ஓடும்போது அதை மேலே தூக்கிவிடுவோம், பிறகென்ன என்று நானாகவே முடிவுகட்டி, "யா, யா" என்று தலையாட்டினேன். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தைந்து வருடமாகியும், விளங்காத இடத்தில் தலையாட்டும் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் பெட்டியின் முதல் பெரிய பயணம். சாமான் ஏற்றும்போதே எங்களுக்குள் சின்ன இழுபறி. எனக்கு ஒரு கொள்கை உண்டு. மண்டபத்துக்குள் முதலில் குத்துவிளக்குத்தான் போகவேண்டும். புது வீட்டுக்கு விளக்கோடு போவதில்லையா, அதுபோல. அடுத்து நிறைகுடம், அதற்கடுத்து அம்மி, அதன் பிறகுதான் தூணும் துணியும். முதலில் இறங்கவேண்டியது கடைசியில்தானே ஏறவேண்டும்? ஆகவே ஆளுயரப் பித்தளை விளக்குகள் இரண்டு, பித்தளைக் குடங்கள், அம்மி, குழவி எல்லாவற்றையும் பின்கதவோடு சேர்த்து அடுக்கினேன். முன்பக்கம் முழுவதும் ஃபைபர் தூண்கள், பட்டுத்துணி, பிளாஸ்டிக் பூ.

"அம்மியையாவது நடுவில வைப்பம். பின்பக்கம் பதியுது," என்றார் கணவர்.

"சாமான் இறக்கிற ஒழுங்கு எனக்குத் தெரியும். நீங்கள் கயிறைக் கட்டுங்கோ," என்றேன்.

பிறகு எலுமிச்சம்பழம். வாகனத்துக்கு நான்கு, பெட்டிக்கு இரண்டு, மொத்தம் ஆறு. குட்டிச் சில்லு கோபிக்காதா, அதற்கும் ஒன்று வைக்கட்டுமா என்று கணவர் கேட்டார். அவர் குத்திக்காட்டுகிறார் என்று தெரிந்தும் தெரியாததுபோல ஏறி உட்கார்ந்தேன்.

நான்தான் ஓட்டினேன். கொலோன் தாண்டும் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. இவ்வளவுதானா ட்ரெய்லர் இழுப்பது என்று கணவருக்குப் பெருமையும் அடித்துக்கொண்டேன். ட்ரெய்லரோடு எண்பதில்தான் ஓடலாம். லிம்பூர்க் பக்கம் நீளமாக இறங்கும் ஓர் இறக்கத்தில் முள் தொண்ணூறைத் தாண்டியதை நான் கவனிக்கவில்லை. ஒரு பெரிய லொறி எங்களைக் கடந்துபோனது. அதன் காற்று பட்டதும் பெட்டி ஒருமுறை ஆடியது. பிறகு நிற்கவேயில்லை. இடது கண்ணாடியில் பெட்டி தெரிந்தது, அடுத்த நொடி வலது கண்ணாடியில் தெரிந்தது. நாய் வாலை ஆட்டுவதுபோய், வால் நாயைப் பிடித்து ஆட்டியது. ஸ்டேரிங் என் கையில் பாரமே இல்லாமல் இருந்தது. எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டில் தனியாக இருக்கிறார்கள் என்ற ஒரே நினைப்புத்தான்.

"காலை எடும்," என்றார் கணவர். சத்தம் போடவில்லை. "திருப்பாதையும். நேராப் பிடியும்."

பிடித்தேன். வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது. அடுத்த ஓய்விடத்தில் நிறுத்திவிட்டு இறங்கினேன். வாகனத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அப்போது ஒரு குதிரை ட்ரெய்லர் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. ரப்பர் பூட்ஸ் போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஜெர்மன் பெண் இறங்கி வந்தார். ஏசத்தான் வருகிறார் என்று நினைத்து முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவரோ என் தோளில் கைவைத்து, மூச்சை நன்றாக எடுக்கச் சொன்னார். எங்கள் பெட்டி ஆடத் தொடங்கியதைப் பின்னால் இருந்து பார்த்தவர், வேறு யாரும் எங்களை நெருங்கி வந்துவிடாதபடி எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு இவ்வளவு தூரமும் காவலாக வந்திருக்கிறார்.

பின்கதவைத் திறக்கச் சொன்னார். அம்மியைப் பார்த்ததும் இது எதற்கு என்று கேட்டார். நாளைக்கு மணமகள் இதன்மேல் கால் வைக்கவேண்டும் என்றேன். வைக்கட்டும், நல்லது, ஆனால் இன்றைக்கு இது இந்த இடத்தில் இருக்கக்கூடாது என்றார். பிறகு என் கணவரைப் பெட்டியின் முன்தண்டை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கொக்கியைக் கழற்றினார். தண்டு மேலே எழும்பியது. கூடவே என் கணவரும் கொஞ்சம் எழும்பினார். சீசோப் பலகையில் பின்னால் குண்டுப் பிள்ளை உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் மேலே போவார் அல்லவா, அந்த மாதிரி. பெட்டியின் முன்பக்கம் கொக்கியை அளவாகக் கீழே அழுத்திக்கொண்டிருக்க வேண்டுமாம். எங்களுடையது கொக்கியை மேலே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. அப்படி அழுத்துகிற பாரத்துக்கு ஒரு பெயர் சொன்னார். ஷ்டுட்ஸ்லாஸ்ட்.

எனக்குக் கராஜ்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது.

எல்லாவற்றையும் இறக்கினோம். பொன்னிறத் தூண்கள், சிவப்புப் பட்டு, பூமாலைகள் எல்லாம் தார்த் தரையில் வரிசையாக நிற்க, லொறிக்காரர்கள் கோப்பிக் கோப்பையோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். அம்மியையும் குடங்களையும் பெட்டிக்குள் அச்சுக்கு நேரே கொஞ்சம் முன்தள்ளி வைத்துக் கட்டி, தூணையும் துணியையும் மறுபடி ஏற்றினோம். அந்தப் பெண் தன் வாகனத்தில் இருந்து எடுத்துவந்தது என்ன தெரியுமா? நாம் குளியலறையில் ஏறி நின்று கவலைப்படுகிற தராசு. அதன்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, முன்தண்டை அதில் இறக்கினார். முள் அறுபது கிலோவைத் தாண்டி நின்றது. எங்கள் கொக்கி ஸ்டிக்கரில் எண்பது கிலோ வரைக்கும் என்றிருந்தது. அவருக்குத் திருப்தி.

எனக்குத்தான் இல்லை. விளக்குகள் இன்னும் வெளியே நின்றன. நடுவில் வைத்தால் தூணுக்குப் பிறகுதான் இறங்கும். உயிர் தப்பியது பெரிதில்லை, விளக்கின் ஒழுங்குதான் பெரிது என்று நினைக்கப்போகிறாரே என்ற கூச்சத்தோடு, எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விஷயத்தைச் சொன்னேன். கணவர் வானத்தைப் பார்த்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு எஸ்யூவியின் பின் இருக்கையைக் காட்டினார்.

"விளக்கு முதலில் போகவேண்டும் என்றால் காருக்குள் வையுங்கள். கார் எப்போதும் பெட்டிக்கு முன்னால்தானே போகிறது?"

விளக்குகளைக் கழற்றி இருக்கையில் படுக்கவைத்தோம். சீட் பெல்ட்டை இழுத்து மாட்டியவரும் அவர்தான். கைம்மாறாகக் கொடுக்க என்னிடம் பலகாரப் பெட்டியும் கலியாண வாழைப்பழமும்தான் இருந்தன. பலகாரத்தை அவர் எடுத்துக்கொண்டார். பழத்தைக் குதிரை தின்றது. பந்திக்கு முந்து என்பார்கள். அந்தக் கலியாணத்தில் முதல் பந்தி அந்தக் குதிரைக்குத்தான். அவசரத்தில் அவருடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை.

எண்பதைத் தாண்டாமல் போய்ச் சேர, மண்டப வாசலில் மணமகளின் அப்பா தவித்துக்கொண்டு நின்றார். ஓடிவந்து கார்க் கதவைத் திறந்தவர், பெல்ட் போட்டுப் படுத்திருந்த விளக்குகளைக் கண்டு திகைத்துப்போனார். விளக்குத்தான் முதலில் இறங்கியது. மறுநாள் அந்தப் பிள்ளை அம்மியில் கால் வைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற கணவர் மெல்லக் குனிந்து, "அம்மி இப்பவும் நடுவிலதான் இருக்குது, பாத்தீரோ?" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை கராஜுக்குப் போய், அன்று சொன்னது விளங்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் சந்தோஷமாக ஒரு காகிதத்தில் படம் வரைந்தே காட்டினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இப்போது எங்கள் வாகனத்தில் எலுமிச்சம்பழப் பையோடு ஒரு தராசும் இருக்கிறது. யாராவது ஏதாவது விளக்கிச் சொல்லும்போது என் தலை தானாக ஆடப் பார்த்தால் பிடித்து நிறுத்திக்கொள்கிறேன். அன்று கராஜில் நான் ஆட்டிய தலைதான், அந்த இறக்கத்தில் பெட்டியாக ஆடியது.