வடகத்தின் மேல் விரித்த வேட்டி

எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். நாலு பேர் எதிரில் வாய் திறக்கக் கூசுகிறவள். எழுத வந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் நாத்தனார் அஞ்சலையை வெயிலில் வேகவிட்டவள் நான்தான். ஊரார் நினைப்பதுபோல் மாடியில் வைத்த கருவி இல்லை... நான்!

பாகூர் பக்கம் எங்கள் ஊர் பால் சொசைட்டியைப் பெருக்குவது என் வேலை. போன வருடம் கல்லூரிக்காரர்கள் வந்து அதன் மொட்டைமாடியில் ஒரு கருவி வைத்தார்கள். சூரியனிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத கெட்ட கதிரை அது அளக்கும். கீழிருந்தே தெரியும்படி அதில் ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் பயமில்லை. சிவப்பு எரிந்தால் நான் மைக்கில் சொல்ல வேண்டும். வயலில் இருப்பவர்கள் நிழலுக்குப் போக வேண்டும். மேகம் இருந்தாலும் அந்தக் கதிர் இறங்குமாம். அதற்காகத்தான் விளக்கே.

ஊரில் சிரித்தார்கள். "இன்னாடி, வெயிலடிக்குதுன்னு மைக்ல வேற சொல்லணுமா?"

அஞ்சலை சிரிக்கவில்லை. வெயில் பட்டால் தோல் கொப்பளித்து, காய்ச்சல் கண்டு, சிறுநீரகம் வரை கெடுக்கும் நோய் அவளுக்கு. கரும்புக் கொல்லையில் களை எடுத்தபடியே என் குரலுக்குக் காத்திருப்பாள்.

அன்று மெல்லிய மேகம். எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. அதனால் சொசைட்டி மாடியில் கூழ்வடகம் பிழிந்தேன். காக்கைக்குப் பயந்து பழைய வேட்டியை இரண்டாக மடித்து விரித்தேன். காற்றில் பறக்காமலிருக்க ஒரு முனையைக் கருவியின் தலையில் மாட்டினேன்... கருவியின் கண் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் வடகத்தை மட்டுமே நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்குத் துணியை எடுத்தேன். என் கண்ணெதிரே பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது! ஓடிப்போய் மைக்கில் கத்தினேன். அஞ்சலை எட்டு மணியிலிருந்து கொல்லையில் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். கல்லூரிக்காரர்கள் கருவியைக் கழற்றிப் பார்த்தார்கள்.

"துணி கிணி ஏதாவது மூடியிருந்துதாம்மா?"

இல்லை என்று தலையாட்டினேன். கூச்சக்காரி என்று அதற்கு மேல் கேட்கவில்லை.

சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். பிழைத்துக்கொண்டாள்! அந்த நிம்மதி இப்போதும் நெஞ்சில் குளிர்ச்சியாக இருக்கிறது. அவளுக்காகவா அந்த நிம்மதி, எனக்காகவா? உங்களுக்காவது தெரிகிறதா?

வீடு திரும்பிய அன்று, முகத்தில் கறுத்த தழும்போடு அஞ்சலை கேட்டாள்.

"வாய்க்கு ஒண்ணும் புடிக்கல அண்ணி. வடகம் இருந்தா ரெண்டு பொரிச்சுக் குடேன்."

வீட்டில் வேறு வடகம் இல்லை. அன்று மாடியில் காயவைத்ததையே பொரித்தேன்.

"நல்லா காஞ்சிருக்கு அண்ணி" என்றாள் கடித்துக்கொண்டே. "இனிமே அந்த வெளக்க நம்ப மாட்டேன்பா. நீ மாடி ஏறி உன் கண்ணால பாத்துட்டுச் சொல்லு. உன்னத்தான் நம்புவேன்."

"சரி" என்றேன்.

மறுநாள் பத்தே கால் மணிக்குச் சிவப்பு எரிந்தது. மாடி ஏறிப் பார்த்துவிட்டு மைக்கில் சொன்னேன். சொசைட்டிக்கு எதிரே இருக்கும் தன் வீட்டில் அஞ்சலை ஜன்னலைச் சாத்தினாள்.