அரை மதிப்பெண் கேட்கப் போனேன்

முதல் ஷிஃப்ட் முடிந்ததும் சீருடையோடு மகளின் பள்ளிக்குப் போனேன். எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் அவளுக்கு அரை மதிப்பெண் குறைத்திருந்தார்கள். அந்த விடையைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

ஒரு தகட்டின் தடிமனை முழு மில்லிமீட்டருக்கு முழுமையாக்கினால் 8 வருகிறது. உண்மைத் தடிமன் எதிலிருந்து எதுவரை இருக்கலாம்? இதுதான் கேள்வி. 7.5 முதல் 8.5 வரை, இரண்டையும் சேர்த்து என்று எழுதியிருந்தாள்.

"எங்க கம்பெனியில எல்லையில நிக்கிற பீஸும் ஓகேதான் சார்" என்றேன். பைக் பிரேக்கில் மாட்டுகிற பின்களைப் பத்து வருடமாக அளந்து பாஸ் செய்கிறவள் நான்.

"அது டிராயிங்ல குடுத்த எல்லைங்க மேடம். இங்க 8.5-ஐ ரவுண்ட் பண்ணா 9 ஆயிடுதே. அப்புறம் எப்படி 8-ல சேரும்?" என்றார் கணக்கு சார்.

விடைத்தாளை வாங்கிக்கொண்டு மகளோடு கிளம்பினேன்.

கெலவரப்பள்ளி பஸ்ஸில் மகள் கேட்டாள்.

"ஏம்மா, உங்க பின்னுக்கு மேல் எல்லை 12.05-ன்னு வச்சுக்கோ. மீட்டர் 12.053 காட்டுனா என்ன எழுதுவ?"

"12.05-ன்னுதான். ரெஜிஸ்டர்ல புள்ளிக்கு அப்புறம் ரெண்டு எண்ணுதான் பாப்பா."

"அப்ப அது பாஸா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு பைக் எங்களை முந்திப் போனது. டேங்க் மேல் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது.

சார் கடைசிவரை அந்த அரை மதிப்பெண்ணைப் போடவில்லை. நான்தான் பத்து வருடமாகத் தாராளமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

குவாலிட்டியில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள், உங்கள் ரெஜிஸ்டரில் புள்ளிக்கு அப்புறம் எத்தனை எண்?