கிணத்துமேட்டு மண்

ஆரோக்கியம்மாளைப் புண்ணியவதி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த இல்லத்தில் நான் சமையல்காரி. எனக்குச் சம்பளம் உண்டு, அவளுக்குக் கிடையாது. அதற்காகப் புண்ணியம் சேர்க்க வந்தவள் என்று அர்த்தமில்லை. வயிற்றெரிச்சலோடு வந்தாள், கடைசிவரை வயிற்றெரிச்சலோடுதான் இருந்தாள்.

தருமபுரிக்கு வெளியே, சேலம் ரோட்டை ஒட்டிக் கன்னியாஸ்திரீகள் நடத்திய இல்லம் அது. வைத்தியம் கைவிட்டவர்களைச் சாகும்வரை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். சனங்கள் வைத்த பெயர் சாவு வூடு. பஸ்ஸில் அந்த நிறுத்தத்துக்கு டிக்கெட் கேட்டால், பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்காருவார்.

1966இல் அவள் புருஷன் சவரியை அங்கே கொண்டுவந்து போட்டது அவனுடைய சொந்த அண்ணன் பிலவேந்திரன். இண்டூர்ப் பக்கம் கூட்டுக் குடும்பம். கிணத்துமேடு என்று ஒரு நிலம், அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து பாடுபட்டது. சவரிக்கு வயிற்றில் கட்டி வந்து முற்றிவிட்ட நேரத்தில், பிலவேந்திரன் மகள் கல்யாணத்தை ஊரறியச் சொல்லி மாதா கோயிலில் ஓலை வாசித்தாகிவிட்டது. "கல்யாண வூட்ல சாவு வுழக்கூடாது" என்று சொல்லி, மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பித் தம்பியைப் படுக்கவைத்து, எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனான். ஆரோக்கியம்மாள் கூடவே வந்தாள். அவர்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை.

சவரிக்கு உயிர் லேசில் போகவில்லை. இழுத்துக்கொண்டே கிடந்தான். இப்படிக் கிடந்தால் மண்ணாசை விடவில்லை என்பார்கள் எங்கள் பக்கத்தில். அவரவர் நிலத்து மண்ணை ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை வாயில் விடுவார்கள். நிம்மதியாகக் கண்ணை மூடிவிடுவார்களாம். சிஸ்டர்களுக்குத் தெரிந்தால் ஜெபம் போதாதா என்று திட்டுவார்கள். அவர்களுக்கு என்ன, நிலமா நீச்சா?

ஆரோக்கியம்மாள் மண்ணுக்காக இண்டூர் போனாள். பிலவேந்திரன் வரப்பிலேயே மறித்தான்.

"மண்ண எடுத்துட்டுப் போயி எங்களுக்குச் செய்வினை வெக்கப் பாக்கறியா? கல்யாணம் நடக்கற நேரத்துல?"

"உங்க தம்பிக்குத்தாங்க மாமா. ஒரு பிடி போதுங்க."

"இன்னிக்கி மண்ணு கேப்ப, நாளைக்கிப் பங்கு கேப்ப. போ போ."

அவள் குனிந்து அள்ளியதைக் கையைத் தட்டிக் கொட்டிவிட்டான் பாவி.

அவள் திரும்பி வருவதற்குள் சவரி போய்விட்டான். பக்கத்துக் கட்டில்காரரின் தங்கை சென்னம்மாள், முன்பின் தெரியாதவள், அவன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "எங்க போனா, எங்க போனான்னு கேட்டுக்கிட்டே இருந்தாருங்க" என்றாள். அதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பிணத்தையும் ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்று பிலவேந்திரன் சொல்லி அனுப்பினான். இல்லத்துக்குப் பின்னால், புளியமரத்தடியில் புதைத்தோம்.

ஆரோக்கியம்மாள் ஊர் திரும்பவில்லை. பக்கத்திலேயே குடிசை போட்டுக்கொண்டு பகலில் களையெடுக்கப் போனாள். சாயங்காலமானால் இல்லத்துக்கு வந்து, யாருமில்லாதவர்களின் கட்டிலோரம் உட்காருவாள். பெரிய சிஸ்டர் சம்பளம் தருவதாகச் சொன்னார். "வேணாங்க. நா வேலைக்கி வர்ல, உக்கார வர்றேன்" என்றாள். சீழ் துடைப்பாள், புரட்டிப் படுக்கவைப்பாள். கனிவாக நாலு வார்த்தை பேச வராது. ஆனால் ஒருவருக்கு மூச்சு மாறிவிட்டால் அந்த இடத்தைவிட்டு அசைய மாட்டாள். சோற்றுத்தட்டை நான்தான் அங்கே கொண்டுபோய் வைப்பேன். அக்கம்பக்கத்தில் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். தங்கள் அப்பனையும் ஆத்தாளையும் மட்டும் நைசாக அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள்.

1974இல் பிலவேந்திரனை அவன் மகன்கள் வாடகைக் காரில் கொண்டுவந்தார்கள். பக்கவாதம். "நாளைக்கி வர்றோங்க" என்றவர்கள் வரவேயில்லை. அவன் படுக்கையில் விழுந்ததுமே அவனுக்குத் தெரியாமல் கிணத்துமேட்டைச் செங்கல் சூளைக்காரனுக்கு விற்றுவிட்டார்களாம். மண்ணையெல்லாம் வாரிவிட்டான் அவன்.

"உனக்குச் சூடு சொரணை இல்லியா? எந்திரிச்சு வா" என்றேன், அவன் கட்டிலோரமும் போய் உட்கார்ந்துகொண்ட ஆரோக்கியம்மாளிடம்.

"இருக்குதுக்கா. அதுக்காவத்தான் உக்கார்றேன். எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சாவட்டும்."

தம்பியைப் போலவே அண்ணனும் இழுத்துக்கொண்டு கிடந்தான். ஒருநாள் காலையில் மூச்சு மாறியது. கோணிப்போன வாயால், "கிணத்துமேட்டு மண்ணு" என்று குழறினான். எனக்குச் சிரிப்பதா, அறைவதா என்று தெரியவில்லை.

"அங்க இப்ப வெறும் பள்ளந்தான் இருக்குது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "இருந்தாலும் போவ மாட்டேன். ஒருக்கா போயிப் பட்டது போதும். செத்த உக்காருங்க, தோ வந்தர்றேன்."

பின்பக்கம் போய்ப் பொத்திய கையோடு வந்தாள். டம்ளரில் கரைத்தாள். ஒரு புளிய இலை மேலே மிதந்தது. அதை விரலால் எடுத்துப் போட்டாள்.

"நம்ம... மண்ணா?"

"நம்ம மண்ணுதாங்க மாமா. உங்க தம்பியப் பொதச்ச எடத்துல எடுத்தேன்."

கிழவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். கண்ணில் நீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. கரண்டியை உதட்டருகே பிடித்தபடியே இருந்தாள். வெகு நேரம் கழித்து அவனாகவே வாயைத் திறந்தான். நான் உலையில் அரிசி போடுவதற்குள் முடிந்துவிட்டது. காதில் சேசு நாமத்தையும் அவள்தான் சொன்னாள்.

"மன்னிப்புன்னா இதுதான்" என்று பெரிய சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நா மன்னிக்கலீங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள்.

மறுநாள் மகன்கள் பேண்டு வாத்தியத்தோடு வந்து, பூ ஜோடித்த வண்டியில் பிணத்தை ஊருக்கு எடுத்துப் போனார்கள். ஆரோக்கியம்மாள் கேட்டருகே நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்காளு பொணங்கூட ஊருக்குள்ள வரக்கூடாதுன்னாருல்லக்கா?" என்றாள். "இப்ப அவரே வயித்துல வெச்சு எடுத்துக்கிட்டுப் போறாரு."