மோட் போடாத படம்

கட்டுகஸ்தோட்டையில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறேன். புது போன் வாங்க வருகிறவர்களுக்குக் கேமராவின் ஒவ்வொரு மோடையும் போட்டுக் காட்டுவது என் வேலையில் பாதி. அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு அதை வீட்டிலும் செய்ய வேண்டி வந்தது.

மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில் இருந்தவளை, கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதியாக இருக்கட்டும் என்று என்னோடு கூட்டி வந்து வைத்திருந்தேன். அவளுடைய ஒரே மகன் கட்டாரில். விஷயம் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான் என்று பயந்தாள்.

"வயித்துப் புண்ணுன்னு சொல்லி வை. வேற ஒண்ணும் சொல்லாத."

சிக்னல் சரியில்லை என்று சாக்குச் சொல்லி வீடியோவில் பேசுவதையும் நிறுத்தினாள். அதற்குப் பதிலாக வாரத்துக்கு ஒரு படம் அனுப்பினோம்.

முடி கொட்டிய தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலோரம் கதிரையில் உட்காருவாள். பியூட்டி மோடில் கண்ணுக்குக் கீழே இருந்த கருமை போய்விடும். போர்ட்ரெய்ட் மோடில் பின்னால் இருக்கும் மருந்துப் போத்தல்களும், வாந்தியெடுக்க வைத்திருந்த பேசினும் மங்கிவிடும். படத்தைக் காட்டினால் போனைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்ப்பாள்.

"நல்லாத்தான்டி இருக்கேன் இதுல," என்றாள் ஒரு நாள். நான் எழுந்து குசினிக்குப் போய்விட்டேன்.

பிறகொரு நாள் நான் கடையில் இருக்கும்போது அக்காவின் மகன் அழைத்தான்.

"சித்தி, அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல மகன். படம் பார்த்தீங்கதானே?"

"பார்த்தேன். இங்க நாங்களும் அந்த மோட் போட்டுத்தான் வீட்டுக்குப் படம் அனுப்புறோம் சித்தி. வெயில்ல கருகிப் போனது தெரியக் கூடாதுன்னு. ஒண்ணும் போடாம ஒரு படம் அனுப்புங்க."

வாடிக்கையாளர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் தானாகவே முந்தானையைத் தலையிலிருந்து எடுத்தாள்.

"எடு," என்றாள்.

எடுத்தேன். எந்த மோடும் போடாமல் அப்படியே அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டு இருந்தோம். கடைசியில் அழைப்பு வந்தது. "வர்றேம்மா," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

ஒப்பந்தம் முடியாமலே வந்தான். வாசலில் அவனைக் கண்டதும் அக்கா திட்டத்தான் வாயெடுத்தாள். ஆனால் கன்னத்தைத் தடவி, "இப்படிக் கருத்துப் போயிட்டியேடா," என்று அழுதாள். அதன்பிறகு கஞ்சி ஊட்டியது, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அணைத்துப் பிடித்துக் கூட்டிப் போனது எல்லாம் அவன்தான். ஒரு மழைக்காலக் காலையில், அவன் கால் பிடித்துவிட்டுக்கொண்டு இருக்கும்போதே அக்கா போய்விட்டாள்.

அவன் திரும்பக் கட்டாருக்குப் போகவில்லை. கம்பளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். சாப்பிட்டு முடித்துவிட்டு, தான் இல்லாத மாதங்களைப் பற்றித்தான் கேட்பான். முதலில் எங்கே வலித்தது, எப்போது சோறு இறங்காமல் போனது, தன்னைத் தேடினாளா.

தெரிந்ததைச் சொல்கிறேன். போன கிழமை கேட்டதையே இந்தக் கிழமையும் கேட்கிறான். திரும்பவும் சொல்கிறேன்.