கமெராவின் மேல் போட்ட பழி

எங்கள் தெருமுனைப் பேக்கரியில் சனிக்கிழமைதோறும் இதே கூத்துத்தான். வலக்கையில் குடை இருக்கும், இடக்கை சும்மா இருக்கும். கடைக்காரப் பெண் பாண் பையை நீட்டுவார். இடக்கையால் வாங்கிவிட்டால் விஷயம் முடிந்தது. நானோ குடையை இடக்கைக்கு மாற்றி, வலக்கையை நீட்டித்தான் வாங்குவேன். போன கிழமை அவர் கேட்டேவிட்டார்: "இடக்கையில் ஏதும் நோவா?" மரியாதைக்காக என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுதாபத்தோடு அனுப்பிவைத்தார். இத்தனைக்கும் இந்த வட இங்கிலாந்து நகரத்தில் இருபது வருடமாக நான் பிழைப்பது அந்த இடக்கையால்தான். நான் சத்திரசிகிச்சை நிபுணன். கத்தி பிடிப்பதும் முடிச்சுப் போடுவதும் இடக்கையால்.

வன்னியில் நான் பிறந்து வளர்ந்த அக்கராயனில் என் இடக்கை செய்யாத குற்றமில்லை. அயலவருக்குத் தண்ணீர்ச் செம்பை அந்தக் கையால் நீட்டினால், "சோத்துக்கையால குடடா, சனம் என்ன நினைக்கும்?" என்று குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வரும். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் அடிமட்டம் என் இடக்கை விரல்களோடு பேசியது. எழுத்தும் சாப்பாடும் வலக்கைக்கு மாறின. மருத்துவம் படித்து இங்கே பயிற்சிக்கு வந்தபோது, வலக்கையால் தையலோடு நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்த என் மேலதிகாரி, "உமக்கு எந்தக் கை வசதி?" என்று கேட்டார். வாழ்க்கையில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அந்தக் கேள்வி இல்லையென்றால் நான் இன்று இந்த வேலையில் இல்லை.

கொரோனாக் காலத்தில், வன்னியிலுள்ள ஒரு வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் எல்லாம் நின்றுபோயின. பயிற்சி வைத்தியர்களுக்குக் கை பழக வழியில்லை. இணையத்தில் படிப்பிக்க முடியுமா என்று கேட்டார்கள். ஊருக்கு எதையாவது செய்யவேண்டும் என்ற குற்றவுணர்வு இங்குள்ள எங்கள் எல்லோருக்கும் இருப்பதுதானே, உடனே சம்மதித்தேன். எட்டுப் பேர் இருந்தார்கள். கதிரைக் காலில் நூலைக் கட்டி முடிச்சுப் பழகினார்கள், வாழைப்பழத் தோலில் தையல் போட்டார்கள். முதல் வகுப்பில் என் கைகளைக் கமெராவுக்குக் கீழே வைத்து முடிச்சுப் போட்டுக் காட்டினேன். ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சேர், கமெரா இடம் வலம் மாத்திக் காட்டுதோ?"

அந்த ஒரு நொடியில் எனக்கு எட்டு வயதாகிவிட்டது. "ஓம் ஓம், கமெராதான்" என்றேன்.

தண்ணீரூற்றைச் சேர்ந்த தர்சிகா என்ற வைத்தியர் எந்த வகுப்பையும் தவறவிட்டதில்லை. கேள்விகளுக்கெல்லாம் முதலில் பதில் சொல்வதும் அவர்தான். ஆனால், முடிச்சுப் போடும் நேரம் வந்தால் அவருடைய படம் அணைந்துவிடும். நாலாவது கிழமை எனக்குக் கோபம் வந்தது.

"தர்சிகா, கமெராவைப் போடுங்கோ."

"வேலை செய்யேல்ல, சேர்."

"கையைக் காட்டாமல் முடிச்சுப் பழக ஏலாது. இந்தத் துறை உங்களுக்குச் சரிவராது போல கிடக்கு."

எல்லோருக்கும் முன்னால்தான் சொன்னேன். அடுத்த கிழமை அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. பொறுப்பற்ற பிள்ளை என்று நினைத்துக்கொண்டு மற்ற ஏழு பேரையும் படிப்பித்து முடித்தேன்.

போன வருடம் ஊருக்குப் போனபோது அந்த வைத்தியசாலைக்கும் போனேன். தர்சிகா மருத்துவ விடுதியில், நோயாளிகளின் கட்டில்களுக்கு நடுவே, வேலை செய்துகொண்டிருந்தார். சத்திரசிகிச்சைக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்றார். என் முன்னால் தேநீரை வலக்கையால் வைத்தார். பிறகு நோயாளி ஒருவருக்கு ஊசி ஏற்றப் போனபோது பார்த்தேன். ஊசி இடக்கையில் இருந்தது. ஒரே குத்தில், நோகாமல், அழகாக ஏற்றினார்.

திரும்பி வந்தவரிடம், அன்று கமெராவை ஏன் போடவில்லை என்று கேட்டேன். சிரித்தார்.

"அண்டைக்கு உங்கட கையைப் பாத்ததும் எனக்குச் சரியான சந்தோசம், சேர். பிறகு கமெராதான் எண்டு சொன்னியள். வலக்கையால எனக்கு முடிச்சு வரேல்ல. இடக்கையைக் காட்ட வெக்கமாக் கிடந்தது. அதுதான் கமெராவை நிப்பாட்டி வைச்சனான்."

"கமெரா மாத்தேல்ல, பிள்ளை. நானும் இடக்கைதான்."

அவர் என் இடக்கையைப் பார்த்தார்.

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, சேர்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சும்மா, நடந்துபோனதைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். இப்போதாவது விண்ணப்பிக்கலாம் என்றேன். "இனி எங்க, சேர்" என்று சொல்லிவிட்டு விடுதிக்குள் போனார்.

புறப்படும்போது வாசலில் எல்லோருமாக நின்று படம் எடுத்தோம். அது இப்போது இங்கே என் அலுவலக மேசையில் இருக்கிறது. பக்கத்துச் சத்திரசிகிச்சை அறையில் இந்த நாட்டுத் தாதி ஒருவர், கேட்காமலே என் இடக்கைக்குக் கத்தியை எடுத்துத் தருவார். படத்தில் நானும் தர்சிகாவும் அருகருகே நிற்கிறோம். இரண்டு பேருடைய இடக்கையும் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.